ஆறுதரம் ரைப் செய்த மரண அறிவித்தல்

யாழ்ப்பாணத்தில் கணினியில் பிறக்கும் எழுத்து தாளுக்குப் போகிறது, தாளிலிருந்து படமாகிறது, படத்திலிருந்து மறுபடி எழுத்தாகிறது. பத்திரிகைக் கந்தோரும் நூலகமும் ஆவணகமும் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினால் என்ன மாறும்? திறந்த ஏபிஐகளைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

பெரியம்மா மோசம் போன அன்று பின்னேரம் நாலு மணியிருக்கும். சண்டிலிப்பாய் வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் சின்ன மாமா கொப்பி ஒற்றை ஒன்றை மடியில் வைத்து அறிவித்தல் எழுதினார். அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கிவிட்டால் மிச்சம் தானாக வரும். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும். மருமக்கள் பெயரை எழுதும்போதுமட்டும் உள்ளே திரும்பி, "தங்கச்சி, மூத்தவளின்ர மனுசன்ர முழுப்பேர் என்ன?" என்று கேட்டார். உள்ளிருந்து அழுகைக்கு நடுவே பதில் வந்தது.

தம்பி ஒற்றையைக் கொண்டு பத்திரிகைக் கந்தோருக்கு ஓடினான். அங்கே ஒரு பிள்ளை பாமினி எழுத்துருவில் மளமளவென்று அடித்து, தாளில் எடுத்து, "அண்ணை, பிழை பாருங்கோ" என்று நீட்டினாள். இது முதல்தரம். இரவு கனடாவிலிருந்து மைத்துனர் கூப்பிட்டார். அங்குள்ள இணையத்தளத்தில் போட வேண்டும், பத்திரிகையில் அடித்ததை அப்படியே அனுப்பு என்றார். அனுப்பினோம். அவருடைய திரையில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக விழுந்தது. அவர் படத்தைப் பார்த்துத் தன் கையால் அடித்தார். இரண்டாம் தரம். வானொலிக்கு மூன்றாம் தரம். வட்ஸப்பில் சுற்றும் பூமாலைப் படத்துக்கு ஸ்ரூடியோக்காரர் அடித்தது நாலாம் தரம். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவுமலரில் ஐந்தாம் தரம். அந்தக் கல்வெட்டு என்றைக்காவது ஓர் ஆவணகத்துக்குப் போனால், பட்டியல் போடுகிறவர் பெரியம்மாவின் பெயரையும் ஊரையும் திகதியையும் ஆறாம் தரம் அடிக்க வேண்டும்.

இரண்டாம் தரத்தில் மூத்த மருமகனின் பெயர் விடுபட்டுப் போயிற்று. நாலாம், ஐந்தாம் தரம் அடித்தவர்கள் பத்திரிகையைப் பார்க்கவில்லை, இணையத்தில் வந்ததைப் பார்த்து அடித்தார்கள். அதனால் அந்தப் பெயர் அங்கும் வரவில்லை. மாமியாரைக் கடைசி மூன்று வருடமும் ஆசுபத்திரிக்கு ஏற்றி இறக்கியவர் அவர்தான்.

இந்தக் கதையை வீட்டுச் சங்கதியாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மண்ணில் எழுதப்படும் செய்தி, கட்டுரை, கவிதை, ஆய்வு எல்லாமே இதே பாதையில்தான் போகின்றன. மரண அறிவித்தலில் பிழை வந்தால் அன்றைக்கே கண்ணில் குத்துகிறது. மற்றவற்றில் பிழை ஐம்பது வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

சங்கடப்படலையில் ஒரு தண்ணீர்ப் பானை

ஏபிஐ என்ற சொல் எங்கள் வாசகர்கள் பலருக்கு இப்போது பழக்கம். வங்கிச் செயலி, பஸ் முன்பதிவு, காலநிலை எல்லாவற்றுக்கும் பின்னால் அது இருக்கிறது. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் "இன்னது தா" என்று கேட்பதற்கும், அது முறையாக எடுத்துக் கொடுப்பதற்கும் வகுத்துவைத்த வழி அது. அந்த வழி எப்படி அமைந்திருக்கிறது என்பதை எல்லோருக்கும் எழுதி வெளியிட்டுவிட்டால் அது திறந்த ஏபிஐ.

பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் வாசலில் சங்கடப்படலை இருந்தது. கூரை வேய்ந்த படலை, இரண்டு பக்கமும் திண்ணை, ஓரத்தில் தண்ணீர்ப் பானை. வழிப்போக்கர் வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே இருந்து இளைப்பாறி, தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குள் நுழைய முடியாது. எது வெளியாருக்கு, எது வீட்டாருக்கு என்பதை அந்தப் படலையே சொல்லிவிடும். ஏபிஐயின் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

கொடுக்கிற பொருள் ஒழுங்காக இருந்தால்தான் படலையால் பயன். அந்த ஒழுங்கு எங்களுக்குப் புதிதில்லை. மரண அறிவித்தலை மறுபடி பாருங்கள். பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், கிரியை நடக்கும் நேரம், மயானம், தகவல் தருபவர் என ஒவ்வொன்றுக்கும் அதில் இடம் உண்டு; வரிசையும் மாறாது. கணினிக்காரர் இதைத்தான் மீதரவு என்கிறார்கள். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்ட சின்ன மாமா அதைப் பிழையில்லாமல் எழுதினார். அவர் ஒருமுறை ஒழுங்காக எழுதியதைப் பிறகு வந்த ஐந்து பேரும் பிய்த்துப் பிய்த்து அடித்தார்கள்.

போன வழியே திரும்பி வருதல்

1841 இல் அமெரிக்க மிசன் உதயதாரகையைத் தொடங்கியது முதல், 1930 இல் நா. பொன்னையா சுன்னாகத்தில் தொடங்கிய ஈழகேசரி, 1959 இல் ஈழநாடு, 1966 இல் டொமினிக் ஜீவாவின் மல்லிகை, 1985 இல் உதயன் என்று குடாநாட்டின் அச்சு வரலாறு நீளமானது. அதில் பெரும்பகுதி ஈய எழுத்துக் காலம். அந்தக் காலத்து இதழைப் படம் பிடித்துத்தான் காப்பாற்ற வேண்டும், வேறு வழியில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் அந்த வேலையைத்தான் தன்னார்வலர் பலத்தில் செய்துவருகிறது. ஈழத்து நூல், சஞ்சிகை, பத்திரிகை, பாடசாலை மலர், கோயில் மலர், கல்வெட்டு என்று பிற நூலகங்கள் ஏறெடுத்தும் பாராதவற்றையெல்லாம் அது சேர்த்திருக்கிறது. நான் எழுதும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அதன் தயவில் எழுதியவை.

எனக்கு வருத்தம் அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றியது. தொண்ணூறுகளிலிருந்து எங்கள் பத்திரிகைகள் கணினியில் பக்கம் கட்டுகின்றன. ஒவ்வொரு சொல்லும் ஒருவர் விரலால் அடித்த எழுத்தாகவே பிறக்கிறது. அது தாளில் இறங்குகிறது. வருடங்கள் கழித்து அந்தத் தாளை யாரோ ஸ்கானரில் வைத்துப் படமாக்குகிறார். படத்துக்குள் இருப்பதைத் தேட முடியாது, ஆகவே எழுத்துணரியிடம் கொடுத்து மறுபடி எழுத்தாக்க வேண்டியிருக்கிறது. மங்கிய மையில் "ன"வும் "ள"வும் அதற்குத் தடுமாறும், "ர"வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும். எழுத்தாக இருந்ததைத் தாளாக்கி, தாளைப் படமாக்கி, படத்தைப் பிழையான எழுத்தாக்குகிறோம்.

முந்தி அச்சுக்கோர்ப்பாளராக இருந்து கணினிக்கு மாறிய ஒருவர், ஸ்கான் செய்யும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "தம்பி, இது நாங்கள் ரைப் பண்ணினதுதானே? அந்த பைலைத் தந்திருப்பமே. ஒருத்தரும் கேக்கேல்லையே."

கேட்பவரும் கொடுப்பவரும் நேரில் சந்திக்காமலே அந்த பைல் கைமாறுவதற்குத்தான் ஏபிஐ. நிருபர் எழுதியதை ஆசிரியர் பார்த்துச் "சரி" என்று அழுத்தியதும், தலைப்பு, எழுதியவர், ஊர், திகதி, உடல், படவிளக்கம் என்று தனித்தனிக் கட்டமாக அது ஓரிடத்தில் சேர்கிறது. அங்கிருந்து இணையப் பக்கம் எடுக்கும், கைப்பேசிச் செயலி எடுக்கும், பக்கம் கட்டுகிறவர் எடுப்பார், ஆவணகமும் எடுக்கும். அமெரிக்கப் பொது வானொலி என்பிஆர் 2008 இல் தன் ஏபிஐயைத் திறந்தபோது கடைப்பிடித்த கொள்கை இதுதான். ஒருமுறை ஆக்கு, எங்கும் வெளியிடு.

இதற்குப் புதுக் கணினி வாங்க வேண்டும், பழையதையெல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று சிலர் பயப்படுத்துகிறார்கள். அப்படியில்லை. பழைய பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது, உண்மை. ஆனால் மூலத்தை யூனிகோட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இறக்கும்போதுமட்டும் பாமினிக்கு மாற்றலாம். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்று நாங்கள் நேர்மாறாகச் செய்கிறோம். பாமினியில் மூலத்தை வைத்திருந்து, இணையத்துக்குத் தேவைப்படும்போது அவசரமாக மாற்றி, விழுந்த பிழையைக் கையால் திருத்துகிறோம். திசையைத் திருப்பினால் போதும், அதே ஆட்களும் அதே இயந்திரமும் வேலை செய்யும். இணையப் பக்கத்தை வேர்ட்பிரஸில் நடத்துகிற சின்ன இதழுக்கு இன்னும் இலகு. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து கட்டுரைகளை வெளியே கொடுக்கும் ஏபிஐ அதற்குள்ளேயே இருக்கிறது. பலருக்குத் தங்கள் வீட்டில் அப்படி ஒரு படலை திறந்து கிடப்பதே தெரியாது.

---
பெட்டிச் செய்தி: பாமினியில் "தமிழ்"

பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் தெரியும். கணினியின் நினைவில் இருப்பதே அந்த ஐந்துதான். அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுவது எழுத்துரு.

யூனிகோட்டில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. எந்தக் கருவியில் திறந்தாலும் "த" என்பது "த"தான்.

மாற்றுவது வெறும் எழுத்துப் பரிமாற்றமும் அல்ல. பாமினியில் "கொ" எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு "க", பிறகு கால். யூனிகோட்டில் "க" முதலில் வரும், உயிர்க்குறி ஒன்றாக அதன் பின்னால் நிற்கும். மாற்றி இந்த வரிசையையும் திருப்ப வேண்டும். ஒரே பத்தியில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதுவும் "தமிழாகி"ச் சிதையும்.
---

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட நூல்களின் படங்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தபோது, பக்கம் பக்கமாக யார் தட்டச்சுவது என்ற மலைப்பு எழுந்தது. கணியம் மின்னிதழைச் சேர்ந்த த. சீனிவாசன் சிறிய நிரல் ஒன்றை எழுதினார். அது கூகுள் டிரைவின் ஏபிஐக்குப் பக்கத்தை அனுப்பும், எழுத்தாக வாங்கும், விக்கிமூலத்தின் ஏபிஐ வழியாக உரிய பக்கத்தில் ஏற்றும். இரண்டு படலையும் திறந்திருந்ததால் இடையில் ஒரு மனிதர் எழுதிய நிரல் பெரும் வேலையைச் செய்தது. பிழை திருத்தத் தன்னார்வலர்கள் இன்னும் உழைக்கிறார்கள். பழைய நூலுக்கு அந்த உழைப்பு தேவை. நேற்று யாழ்ப்பாணத்தில் கணினியில் அடித்த செய்திக்கு அதை ஏன் வைக்க வேண்டும்?

ஓர் இடத்தில் மட்டும் இருந்தது

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்கிறோம். அவற்றோடு ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் போயின. அதே நாட்களின் வன்முறையில் ஈழநாடு பணிமனையும் எரிக்கப்பட்டது. நூல் எரிந்தது ஓர் இழப்பு. என்ன நூல் இருந்தது என்று வேறிடத்தில் எழுதிவைத்த முழுப்பட்டியல் இல்லாதது இரண்டாவது இழப்பு, அதை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பட்டியலாவது இன்னோர் ஊரில் இருந்திருந்தால், எந்தச் சுவடிக்கு உலகில் வேறு பிரதி உண்டு, எதற்கு இல்லை என்றாவது தேடியிருக்கலாம்.

2009 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் தன் கட்டுரைகளைத் தேடும் ஏபிஐயைத் திறந்தபோது 28 இலட்சம் கட்டுரைகள் அதில் இருந்தன. அவை தொடங்கிய ஆண்டு 1981. தற்செயல்தான், என்றாலும் முதன்முறை படித்தபோது நான் கொஞ்சநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பத்திரிகைகளுக்கு, இருப்பதை இழக்கும் ஆபத்து பழங்கதை இல்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் கோடுபோட்ட கொப்பித் தாளில் பத்திரிகை வந்ததை எங்கள் வயதுக்காரர் கையில் வைத்துப் படித்திருக்கிறோம். 2006 மே 2 அன்று உதயன் பணிமனைக்குள் புகுந்தவர்கள் சுட்டதில் இரண்டு ஊழியர்கள் உயிரிழந்தார்கள். 2013 ஏப்ரல் 13 அதிகாலை அதன் அச்சியந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, தாள் இல்லாமல் கொழும்பின் ஆங்கில, சிங்களப் பத்திரிகைகளே சில பதிப்புகளை நிறுத்தின.

சரி, ஒரு படி இலண்டனில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லலாமா? பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் யாழ்ப்பாணத்துக் கிறித்தவ மிசன் அச்சுகள் எண்ணிமப்படுத்தப்பட்டன. 2023 ஒக்ரோபரில் அந்நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, மாதக்கணக்கில் அதன் இணையச் சேவைகள் முடங்கின. அடுத்த வருடம் ஒக்ரோபரில் இன்டர்நெற் ஆர்கைவும் தாக்குதலில் சில நாட்கள் மூடிக் கிடந்தது. பெரிய வீடும் எரியும்.

ஆகவே படி ஓரிடத்தில் இருக்கக் கூடாது. ஆள்வைத்து நாலு இடத்துக்குப் படி அனுப்பினால் மூன்றாம் மாதம் அந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். இயந்திரங்கள் தங்களுக்குள் கேட்டு வாங்க வேண்டும். இதற்கென்றே 2001 இல் ஓஏஐ-பிஎம்எச் என்ற நெறிமுறை வந்தது. பெயர் கரடுமுரடு, வேலை எளிது. ஒரு நூலகம் இன்னொன்றிடம், "நேற்று இரவுக்குப் பிறகு உன்னிடம் என்ன புதிதாக வந்தது?" என்று கேட்கும். மற்றது பட்டியலைக் கொடுக்கும். நாள்தோறும் இந்தக் கேள்வியைக் கேட்கும் கணினி ஒன்று மட்டக்களப்பிலும் ஒன்று சென்னையிலும் ஒன்று ரொறன்ரோவிலும் இருந்தால், எந்த ஊரில் எந்த நெருப்புப் பிடித்தாலும் பட்டியல் பிழைக்கும்.

---
பெட்டிச் செய்தி: திறந்த கதவுகள்

2001: ஓஏஐ-பிஎம்எச். நூற்பட்டியலை நூலகங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று அறுவடை செய்யும் வழி.

2002: டிஸ்பேஸ். எம்ஐடியும் எச்பியும் வெளியிட்ட திறமூலக் களஞ்சிய மென்பொருள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களஞ்சியம் இதில் இயங்குகிறது.

2009: பிரித்தானியப் பத்திரிகையான கார்டியன் தன் "திறந்த தளத்தை" அறிவித்து, கட்டுரைகளை ஏபிஐ வழியே வெளியாருக்குத் திறந்தது.

2011: ஐஐஐஎவ். ஒரு நூலகத்தின் பக்கப் படத்தை இன்னொரு நூலகத்தின் திரையில், படி எடுக்காமலே, பெரிதாக்கிப் பார்க்கும் பொது முறை.
---

நாலு அலுமாரி, ஒரு கைலாசபதி

எங்களிடம் கதவே இல்லை என்று சொன்னால் உழைத்தவர்களுக்குத் துரோகம். நூலகத்தின் தளம் மீடியாவிக்கியில் இயங்குகிறது. விக்கிப்பீடியாவின் அதே மென்பொருள். ஏபிஐ அதற்குப் பிறவிக்குணம். அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று கட்டம் கட்டமாகப் பதிவு இருக்கும். சஞ்சிகை என்றால் பெயரை அடுத்து ஆண்டும் மாதமும் புள்ளியிட்டு நிற்கும். ஒலி, ஒளி, ஓலை, கடிதம் போன்றவற்றுக்கு ஆவணகம் என்ற தனித்தளம், ஐலண்டோரா என்ற திறமூல மென்பொருளில். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம் இந்த வேலையில் தோள்கொடுத்திருக்கிறது. அரசியல் தலைவர் தந்தை செல்வாவின் ஆவணங்களும் அந்த வளாகத்தில்தான் பேணப்படுகின்றன.

குறை இணைப்பில். பேராசிரியர் க. கைலாசபதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியர். 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர். இடையிலும் பிறகும் நூலாசிரியர், விமர்சகர். பத்திரிகைத் தொகுப்பில் அவர் ஒரு பெயரில் இருப்பார், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஆங்கில எழுத்தில் இன்னொரு பெயரில், பொது நூலகப் பட்டியலில் முதலெழுத்து பின்னால் போய் வேறொரு வடிவில். எங்கள் பெயர்களில் முதலெழுத்து தகப்பன் பெயர் என்பது வெளிநாட்டு மென்பொருளுக்குத் தெரியாது. அது கைலாசபதியை மூன்று ஆளாக்கிவிடும். ஒரு மாணவி அவரைப் பற்றி ஆய்வு செய்ய வந்தால் நூலகம் தளத்தையும் சேர்த்து நாலு அலுமாரியையும் தானே திறந்து, நாலு விதமாகத் தேட வேண்டும். எதையாவது தவறவிட்டால் அது இல்லாததாகவே ஆய்வில் போகும்.

ஒருவரே தனியாக இதற்கு வழிகாட்டியிருக்கிறார். பிரித்தானியாவில் வாழும் நூலகர் என். செல்வராஜா நூல்தேட்டம் என்ற தொகுதிகளில் ஈழத்து நூல்களுக்குக் குறிப்பெழுதிவருகிறார். ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல், ஒவ்வொன்றுக்கும் தொடர் எண். நூல்தேட்ட எண்ணும் நூலக எண்ணும் பல்கலைக்கழகத்தின் எண்ணும் ஒரு பதிவில் ஒன்றையொன்று காட்டினால் போதும். மூன்று இடங்களின் நெடுநாள் உழைப்பு ஒரே தேடலில் வந்து விழும். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். பட்டியல்களைத் திறந்த வடிவில் கொடுக்கும் சம்மதமும், இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்து பொருத்தும் பிள்ளைகளும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இதைக் கொடுத்தால் என்ன?

படலைக்குக் கொளுக்கி வேண்டும்

பத்திரிகைக்காரர்களிடம் இதைப் பேசினால் முதலில் வரும் கேள்வி, "சும்மா கொடுத்தால் நாளைக்கு இன்னொருத்தன் தன்ர பேரில போடமாட்டானே?" நியாயமான பயம். இன்றும் அது நடக்கிறது, ஏபிஐ இல்லாமலே நடக்கிறது. காலை ஐந்து மணிக்குப் போட்ட செய்தி ஆறு மணிக்குப் பெயரில்லாமல் வேறு தளத்தில் இருக்கும். திறந்த ஏபிஐ என்றால் கேட்டவருக்கெல்லாம் எல்லாம் கொடுப்பது என்று பொருளில்லை. கேட்பவருக்கு ஒரு சாவி கொடுக்கலாம். யார், எப்போது, எத்தனைமுறை கேட்டார் என்று பதிவாகும். தலைப்பையும் முதற்பந்தியையும் எல்லோருக்கும், முழு உடலை உடன்படிக்கை செய்தவருக்கும், பழைய இதழை ஆவணகத்துக்கும் என்று வகுக்கலாம். கார்டியனும் இப்படிப் படிநிலைகள் வைத்தது. மரண அறிவித்தல் எங்கள் பத்திரிகைகளுக்குச் சோறு போடுகிற வருமானம். அதை விலைக்கே கொடுக்கலாம். கனடாத் தளம் அதே பதிவை வாங்கிப் போட்டால் பத்திரிகைக்கும் காசு, எங்கள் மருமகனுக்கும் பெயர்.

இரண்டாவது பயத்தை அவர்கள் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். அது என்னை இரவில் யோசிக்க வைக்கிறது. ஒரு மரண அறிவித்தல் தனியாக இருக்கும்போது துக்கச் செய்தி. ஐம்பதாயிரம் அறிவித்தல்கள் ஒழுங்கான கட்டங்களில் ஒரு கணினியில் சேர்ந்தால் அது குடாநாட்டின் குடும்ப மரம். யாருடைய மகன் எந்த நாட்டில், யார் யாருக்குச் சம்பந்தி, எந்த வீட்டுத் தொலைபேசி எண் எது என்று நிமிடத்தில் எடுத்துவிடலாம். போர் நடந்த மண் இது. பெயரும் ஊரும் உறவும் சேர்ந்த பட்டியல் எங்களிடம் ஒருகாலத்தில் என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பேட்டிகளிலும், ஊர்ச் செய்திகளில் வரும் சாட்சிகளின் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு.

இலங்கையில் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தை மட்டும் நம்பியிருக்காமல் ஆசிரியபீடமே ஒரு கோடு கிழிக்கலாம். இறந்தவரின் பெயர், ஊர், திகதி ஏபிஐயில் போகட்டும். உயிரோடு இருப்பவர்களின் தொலைபேசி எண்ணும் விலாசமும் போக வேண்டாம். அவை அன்றைய பத்திரிகைக்குத் தேவை. ஒரு கிழமைக்குப் பிறகு அவற்றை வைத்திருக்கவே தேவையில்லை. ஆவணகத்துக்கு முழுப்பதிவும் போகலாம், ஆனால் குறித்த ஆண்டுகள்வரை பூட்டில். காகிதத்தில் இந்தத் தெரிவு இல்லை, அச்சடித்தால் எல்லாம் போய்விடும். கட்டம் கட்டமாக வைத்திருந்தால்தான் எந்தக் கட்டத்தை மூடுவது என்று முடிவெடுக்க முடியும். பாதுகாப்புக்கும் அந்த ஒழுங்குதான் அடிப்படை.

காதால் வாசிக்கிறவர்கள்

சுன்னாகம் வாழ்வகத்தில் பார்வைப் புலனற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களைப் போன்றவர்கள் இன்று கணினியையும் கைப்பேசியையும் திரைவாசிப்பான் வழியே பாவிக்கிறார்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதனோடு வரும் குரல் தமிழும் பேசும். யூனிகோட்டில் உள்ள செய்தியை அது வாசித்துக் காட்டும். பிடிஎஃப் என்ற பெயரில் படமாக ஏற்றிய மின்பத்திரிகையைத் திறந்தால் மௌனம். பாமினியில் அடித்த "அம்மா" என்ற சொல்லைக் கொடுத்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக ஒப்பிக்கும்.

ஒருமுறை அருகிலிருந்து கேட்டேன். என்னுடைய பழைய கட்டுரையின் பைல் ஒன்று. முதல் இரண்டு வரியும் அந்த எழுத்துக் கொட்டுதலைக் கேட்ட இளைஞர், "அண்ணை, இது தமிழோ?" என்று கேட்டார். ஓம், தமிழ்தான் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த பைலுக்குப் போய்விட்டார். பதினைந்து வருடம் பத்திரிகைக்கு எழுதியதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் எனக்குள் சரிந்தது.

தேடுபொறிகளுக்கும் பெரும்பாலும் இதே குருட்டுத்தனம். இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் அப்படித்தான். அது இணையத்தில் எழுத்தாகக் கிடைக்கும் தமிழைப் படித்துத் தமிழ் பழகுகிறது. படமாகவும் பாமினியாகவும் கிடக்கும் தமிழ் அதற்குப் பெரும்பாலும் இல்லாத தமிழ். "கதைக்கிறது", "வடிவு", "பின்னேரம்", "கெதியா", "உவர்" எல்லாம் எங்கள் பத்திரிகைகளிலும் மல்லிகைக் கதைகளிலும் நிரம்பிக் கிடக்கின்றன. அவை வாசிக்கத்தக்க எழுத்தாக வெளியே வராவிட்டால், நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளை யாழ்ப்பாணத் தமிழில் ஒன்று கேட்க, கணினி சென்னைத் தமிழில் திருத்திப் பதில் சொல்லும். அதுவே சரியான தமிழ் என்று பிள்ளையும் நம்பும்.

முப்பத்தோராம் நாள்

கல்வெட்டு அச்சகத்திலிருந்து வந்தது அதற்கு முதல் நாள் பின்னேரம். கட்டை அவிழ்த்து முதற் பிரதியைப் புரட்டிய பெரியம்மாவின் மூத்த மகள், மூன்றாம் பக்கத்தில் தன் புருசனின் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். திருத்தி அச்சடிக்க நேரமில்லை. அச்சகத்துக்குக் கோல் எடுத்தோம், பைல் வேறு கணினியில் இருக்கிறது, அடித்தவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

சின்ன மாமா பேனைகளைக் கொண்டுவந்து விறாந்தையில் போட்டார். மச்சான்மார், மருமக்கள், எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று ஒன்பது பேர் பாயில் இருந்து முந்நூறு கல்வெட்டுகளிலும் அந்த ஒரு பெயரைக் கையால் எழுதினோம். நல்ல கையெழுத்துக்காரரை முன்னுக்கு விட்டோம். மருமகனும் எங்களோடு இருந்து எழுதினார். தன் பெயரைத் தானே எத்தனை கல்வெட்டில் எழுதினார் என்று அவர் எண்ணவில்லை.

இரண்டு பிரதியை ஆவணப்படுத்தக் கொடுத்தேன். வாங்கிய பிள்ளை முதலில் கேட்டது, "அண்ணை, இதின்ர பைல் இருக்கோ?" இல்லை என்றேன். அவள் கல்வெட்டை விரித்து, நடுவில் கையால் மெல்ல அழுத்தித் தட்டையாக்கி, ஸ்கானரில் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் பக்கம் திரையில் வந்தது. அச்சு எழுத்து கறுப்பாக, அதன் கீழே மருமகனின் பெயர் நீல மையில் கொஞ்சம் சாய்ந்து. எழுத்துணரியை ஓட்டினாள். அச்சு வரிகளெல்லாம் எழுத்தாக மாறி வந்தன. நீல வரி இருந்த இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் வந்தன. அவள் அவற்றை அழித்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கத் தொடங்கினாள்.